எல்லாப் பாட்டுக்கும் ஒரே கிட்டார்

உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பங்குனிப் பொங்கல் கச்சேரி. ஊர் மந்தையில் மேடை. மேடைக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஜெனரேட்டர் வண்டி. மாலையில் ஒலியைச் சரிபார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. இருட்டியதும் விளக்குக்காரர் மேடை விளக்குகளை மெல்ல ஏற்றினார். அந்த நொடியிலேயே என் கிட்டாரிலிருந்து, மரத்தை வண்டு குடைவதுபோல ஓர் இரைச்சல் கிளம்பி இரண்டு பக்க ஸ்பீக்கர்களையும் நிறைத்தது. ட்ரூப்பை நடத்தும் அண்ணன் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “தம்பி, அந்த இரைச்சலை நிறுத்து. முடியாவிட்டால் கிட்டாரைக் கீழே வை” என்றார்.

ஒயரை மாற்றினேன், நிற்கவில்லை. ஒலியை மாற்றும் பெடல்களைக் கழற்றிவிட்டு நேராக மிக்சருக்குக் கொடுத்தேன், அப்போதும் நிற்கவில்லை. தற்செயலாக உடம்பைத் திருப்பியபோது சத்தம் பாதியாகக் குறைந்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினேன், ஏறக்குறைய மறைந்தே போனது. மேலும் திரும்பியதும் மறுபடி ஏறியது. அந்த ஒரு கோணத்தைக் கண்டுபிடித்து, கால்களை அங்கேயே ஊன்றி, ஜெனரேட்டருக்கு இடது தோளைக் காட்டியபடி இரவு முழுவதும் வாசித்து முடித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஊர் மக்கள் என் முகத்தைப் பார்த்திருக்க வழியில்லை.

அது 2009. மின்கிட்டார் என்ற கருவியைப் பற்றி நான் உண்மையாகப் படிக்கத் தொடங்கியது அந்த இரவுக்குப் பிறகுதான். எந்தக் கிட்டாரை வாங்கலாம், எந்தப் பிக்கப்பை மாட்டலாம் என்று இளைஞர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். “அண்ணா, எல்லாப் பாட்டும் வாசிக்க வேண்டும், ஒரே கிட்டார்தான் வாங்க முடியும்” என்பார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லி முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த இரைச்சல். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும்தான். காந்தம் மேலே இருக்கும் எஃகுக் கம்பியையும் காந்தமாக்குகிறது, கம்பி அதிரும்போது சுருளுக்குள் காந்தப்புலம் மாறுகிறது, மாற்றம் மின்சாரமாகிறது. சுற்றும் செப்புக் கம்பியின் கனம் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர், தலைமுடியின் அளவு. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டாரின் பிக்கப் ஒன்றில் அது சுமார் 8,000 சுற்று இருக்கும். இத்தனை சுற்றுள்ள சுருள் கம்பியின் அதிர்வை மட்டும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காது. பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், ஜெனரேட்டர் எல்லாவற்றின் காந்தப்புலத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். சுருள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறதோ அதைப் பொறுத்து வாங்கும் அளவு கூடும், குறையும். நான் திரும்பியபோது சத்தம் மாறியதன் காரணம் இதுதான்.

அந்த இரைச்சலுக்கும் சுருதி உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அதன் இரட்டிப்பு 100. கிட்டாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த மூன்றாவது உலோகக் கட்டையை, ஒட்டி அழுத்தினால் வரும் ஜி என்ற சுரம் நொடிக்கு 98 அதிர்வு. இரண்டும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஜி-யில் அமைந்த பாட்டில் இரைச்சல் சுருதிப்பெட்டிபோலப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அரைச் சுரம் இறக்கிப் பாடச் சொன்னால் அப்படியே வெளியே வந்து பல்லைக் காட்டும். அமெரிக்காவில் மின்சாரம் 60. அங்கே இரைச்சல் பி-க்குச் சற்றுக் கீழே விழும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. ஒரே மேடையில் சில பாட்டுகளில் மட்டும் ஏன் சத்தம் அதிகமாகத் தோன்றியது என்று பல வருடங்களாகக் குழம்பியிருந்தேன்.

இதற்கு மருந்து கண்டவர்களில் ஒருவர் சேத் லவர். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு. ஒன்றின் சுற்று மற்றதற்கு நேர் எதிர். காந்தத்தின் முனையும் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலிக்கு மட்டும் சுற்றின் திசை, காந்த முனை இரண்டும் சேர்ந்து மாறியிருப்பதால் அது இரண்டிலும் ஒரே திசையில் பிறந்து கூடும். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957-இல் கிப்சனின் லெஸ் பால் கிட்டார்களில் அது வந்தது. காப்புரிமை கைக்குக் கிடைத்தது 1959-இல். இடைப்பட்ட காலத்துப் பிக்கப்களின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற சிறு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அந்தச் சீட்டுள்ள பிக்கப்பைத் தேடி இன்றும் உலகமெங்கும் ஆட்கள் அலைகிறார்கள். ‘ஹம்’ என்கிற இரைச்சலை முட்டித் தள்ளுவதால் அதற்கு ஹம்பக்கர் என்று பெயர்.

அப்படியானால் ஹம்பக்கர் கிட்டார் ஒன்றை வாங்கிவிட்டால் தீர்ந்ததா? நானும் அப்படித்தான் நினைத்தேன். தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு ஹம்பக்கர் போட்ட கிட்டாரை இரவல் வாங்கி இரண்டு மாதம் வாசித்தேன். இரைச்சல் போயிற்று. கூடவே வேறொன்றும் போயிற்று. எண்பதுகளின் பாட்டுகளில் கிட்டார் தாளத்தோடு சேர்ந்து சிறு சிறு வெட்டுகளாக வரும். தபலாவுக்கும் பேஸுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளியில் நுழைந்து வெளியேறும். ஹம்பக்கரில் அந்த வெட்டு நுழையவில்லை, கதவில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு சுருள் கம்பியின் இரண்டு இடங்களில் கேட்கிறது. தொடராக இணைந்திருப்பதால் மேல் ஒலிகள் மழுங்குகின்றன. தனி வாசிப்புக்கு அந்தத் தடிமன் அழகு. ஆனால் கீபோர்டு, பேடு, இரண்டு பாடகர்கள் என்று நிறைந்திருக்கும் மேடையில் தாளம் வாசிக்கும்போது அது இடத்தை அடைக்கிறது.

அப்போதுதான் ஒரு வேலை செய்தேன். கிட்டார் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரையும் அதைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு கச்சேரியில் வாசித்த பாட்டுகளை நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான் எந்த ஒலியில் எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று குறித்தேன். அன்று 27 பாட்டு. அவற்றில் 16 பாட்டுகளில் தெளிவான, உடைசல் இல்லாத தாளம். ஐந்தில் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கும் மெல்லிய பகுதி. மூன்றில் மட்டுமே ஒலியை உடைத்துக் கரகரப்பாக்கும் கனத்த டிஸ்டார்ஷன். அதிலும் ஒன்றில் அது எட்டே வினாடி. மீதி மூன்றும் பழைய அறுபதுகளின் பாட்டுகள், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பியைச் சுண்டும் கூர்மையான ஒலி வேண்டும்.

அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் பயிற்சி செய்யும்போது என் நேரத்தில் பெரும்பகுதி டிஸ்டார்ஷனில் போகிறது. கடையில் கிட்டாரைச் சோதிக்கும்போதும் அதைத்தான் போடுகிறேன். மேடையிலோ பத்தில் எட்டுப் பங்கு நேரம் தெளிந்த ஒலியில் கழிகிறது. எல்லாப் பாட்டுக்கும் பொருந்தும் கிட்டார் என்று நான் தேடியது, எட்டு வினாடிக்காக மற்ற இரண்டரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்கும் ஒன்றை.

இதற்கு எதிர்ப்புறம் நின்று பார்த்தால், கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் ஊரில் 1938-இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்த லியோ ஃபெண்டரிடம் போக வேண்டும். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, அவர்கள் சொல்வதைக் கேட்டு மாற்றிக்கொண்டே இருந்தவர். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்கள், மூன்று நிலை ஸ்விட்ச். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஒலிக்கும் என்பது அவருடைய கணக்கு. வாசித்தவர்கள் ஸ்விட்ச்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் அந்தரத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு பிக்கப்கள் சேர்ந்து ஒலித்தன. அதில் நடுவில் குழிந்த, கண்ணாடி போன்ற ஓர் ஒலி பிறந்தது. வாத்து கத்துவதுபோல என்று அதை ஆங்கிலத்தில் சொல்வார்கள், எனக்குக் கேட்பதென்னவோ ஈரத் துணியில் மூடிய வெண்கல மணி. சில இடங்களின் அதிர்வுகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் அந்தக் குழிவு உண்டாகிறது. ஸ்விட்ச் நழுவாமல் இருக்கச் சிலர் தீக்குச்சியைச் செருகினார்கள். ஐந்து நிலை ஸ்விட்ச்சைத் தொழிற்சாலையிலேயே பொருத்தத் தொடங்கியது 1977-இல். இருபத்து மூன்று வருடம்! உலகத்தில் எத்தனையோ தாளக் கிட்டார் பகுதிகள் இன்று வாசிக்கப்படும் ஒலி, செய்தவர் நினைக்காத ஒலி.

பிறகு வந்த இன்னொரு திருத்தம் எனக்கு அதைவிட முக்கியம். நடுப் பிக்கப்பை மட்டும் எதிர்ச் சுற்றாகவும் எதிர்க் காந்தமாகவும் செய்தால், இரண்டாவது, நான்காவது நிலைகளில் சிங்கிள் காயில் எனப்படும் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்களும் சேர்ந்து ஒரு ஹம்பக்கர்போல இரைச்சலை அழித்துக்கொள்கின்றன. ஒலியோ சிங்கிள் காயிலின் ஒலி. இப்போது விற்கும் பெரும்பாலான ஸ்ட்ராட் வகைக் கிட்டார்களில் இது இருக்கிறது. கடையில் சோதிப்பது எளிது: ஒலியைக் கூட்டி வைத்து, கம்பியைத் தொடாமல் ஐந்து நிலைகளையும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இரண்டிலும் நான்கிலும் இரைச்சல் விழுந்தால் இருக்கிறது என்று பொருள்.

ஆகவே என் நோட்டுக் கணக்குக்கு விடை தானாக வந்தது. கழுத்துப் பக்கமும் நடுவிலும் சிங்கிள் காயில், பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர். ஹம்பக்கர், சிங்கிள், சிங்கிள் என்பதைச் சுருக்கி எச்.எஸ்.எஸ். என்று இதைச் சொல்வார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் ஸ்ட்ராட் வடிவ உடலில் கிப்சன் ஹம்பக்கர் ஒன்றை வைத்து வாசித்ததற்குப் பிறகு இந்தக் கலப்பு உலகமெங்கும் பரவியது. யமஹாவின் பசிஃபிகா 112 வரிசை இதே அமைப்பில் பல வருடங்களாக வருகிறது; 112வி என்ற மாதிரியில் டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் அணைந்து சிங்கிள் காயில்போல ஒலிக்கும். முதல் மின்கிட்டார் வாங்கும் ஒருவருக்கு நான் தயங்காமல் சொல்லும் கிட்டார் அது.

நான் வாங்கியது வேறொன்று, பழையது, சென்னையில். கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் அரை மணி ஒயரே செருகவில்லை. மின்சாரம் இல்லாமல் வாசித்து, உடலில் காதை வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி, எங்கேயாவது சுரம் சட்டென்று செத்துப் போகிறதா என்று பார்த்தேன். கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை மேலும் கீழும் இழுத்து ஃப்ரெட் முனைகள் குத்துகின்றனவா என்று பார்த்தேன். இரண்டு சுரம் அளவுக்குக் கம்பியை வளைத்துவிட்டு, சுருதி திரும்பி வருகிறதா என்று பார்த்தேன். பிக்கப்பை நாளைக்கு மாற்றிவிடலாம், கழுத்தை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு வேண்டாம் என்று எழுந்து வர வேண்டிய கட்டம் அது ஒன்றுதான்.

கம்பியின் நீளத்தையும் அங்கேயே கவனிக்க வேண்டும். ஃபெண்டர் வழி வந்தவற்றில் 25.5 அங்குலம், கிப்சன் வழியில் 24.75, கிட்டார் செய்பவரான பால் ரீட் ஸ்மித் இரண்டுக்கும் நடுவில் 25-ஐ எடுத்துக்கொண்டார். முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். நீளம் கூடினால் அதே சுருதிக்கு இழுவிசை கூடும். சுரங்கள் மணிமணியாகப் பிரிந்து விழும், ஆனால் வளைப்பதற்கு விரல் வலிமை வேண்டும். கமகம் வாசிப்பவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. மின்கிட்டாரில் கர்நாடக இசையை வாசிக்கும் பிரசன்னாவைக் கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே சுரம் நிற்பதைவிட இழைவது அதிகம். பழைய பாட்டுகளின் வீணைப் பகுதிகளை மேடையில் கிட்டார்தான் பெரும்பாலும் ஏற்க வேண்டியிருக்கிறது. நான் 25.5 நீளத்தில், கம்பியின் கனத்தை ஒரு படி குறைத்துக்கொண்டேன். மெல்லிய கம்பிக்கு வலிமை குறைவு என்று பலர் சொல்வார்கள். ஸ்பீக்கரிலிருந்து பத்தடி தள்ளி நிற்பவருக்கு அந்த வித்தியாசம் கேட்பதில்லை, என் விரல்களுக்கோ மூன்றாவது மணி நேரத்தில் நன்றாகத் தெரிகிறது.

அடுத்து, நான் செய்த தவறு. வாங்கிய கிட்டாரின் பிரிட்ஜ் ஹம்பக்கர் எனக்குப் போதாது என்று தோன்றியது. அந்த மூன்று பாட்டு, அந்த எட்டு வினாடி, அவற்றின்மேல் இருந்த மோகம். செராமிக் காந்தம் போட்ட, மின்தடை 16 கிலோ-ஓம் காட்டும் ‘சூடான’ பிக்கப் ஒன்றை, அதாவது சுற்றுகள் கூடி ஒலி வலுவாக வருவதை, வாங்கி மாட்டினேன். டிஸ்டார்ஷனில் சிங்கம்போல இருந்தது. முதல் கச்சேரியிலேயே மிக்சரில் இருந்தவர் பாதியில் எழுந்து மேடைக்கு வந்துவிட்டார். கழுத்துப் பிக்கப்பிலிருந்து பிரிட்ஜுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் கிட்டார் பாடகியின் குரலுக்கு மேலே எகிறிக்கொண்டிருந்தது; அவர் இறக்கி வைத்தால் அடுத்த பகுதியில் கிட்டாரே கேட்கவில்லை. தெளிந்த ஒலியில் அந்தப் பிக்கப்பைப் பயன்படுத்தவே முடியவில்லை. மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல். மூன்று மாதம் பொறுத்தேன், கழற்றிவிட்டேன்.

இதைத்தான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். பல வகைப் பாட்டும் வாசிப்பவருக்குச் சூடான பிக்கப் எதிரி. சுற்றுகள் கூடக் கூட மேல் ஒலிகள் பிக்கப்பிலேயே விழுந்துவிடுகின்றன. ஆம்ப்ளிஃபையரிலோ பெடலிலோ ட்ரெபிளைத் திருகினால் இருக்கும் ஒலிதான் கூடும். பிக்கப் அனுப்பாத ஒலி எங்கிருந்து வரும்? மென்மையான பிக்கப்பை முரட்டுத்தனமாக்க ஒரு சிறிய பெடல் போதும். ஐம்பதுகளின் ஹம்பக்கர்கள் எட்டு கிலோ-ஓம் சுற்றியே இருந்தன. அந்த அளவில், அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தத்தோடு இருக்கும் ஒன்று பிரிட்ஜில் இருந்தால் பக்கத்துச் சிங்கிள் காயில்களோடு அது சமமாக உட்காரும். சந்தேகம் இருப்பவர்கள் லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் முதல் இசைத்தட்டைக் கேட்கலாம். 1969-இல் வெளிவந்த அதில் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் வாசித்திருப்பது சிங்கிள் காயில் போட்ட, ஃபெண்டரின் இன்னொரு கிட்டாரான டெலிகாஸ்டர். கனம் போதவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மாற்றுப் பிக்கப் வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஒயருக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ இருந்தால் சுருள்களைப் பிரித்து இணைக்க வழியில்லை. இரண்டாவது, காந்த முனைகளின் இடைவெளி. பழைய கிப்சன் அளவும் ஃபெண்டர் பிரிட்ஜுக்கான அளவும் சில மில்லிமீட்டர் வேறுபடும். கம்பி முனைக்கு நேர் மேலே போக வேண்டும்.

நான்கு கம்பிகளின் நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேடையில் கிட்டாரைப் படுக்கவைத்துச் சால்டரிங் செய்து முடித்தேன். ஒலி வந்தது. ஆனால் நடுப் பிக்கப்போடு சேர்த்தால் மூக்கை அடைத்துக்கொண்டு பேசுவதுபோலச் சுருங்கிப் போனது. மதுரை கீழவாசல் பக்கம் ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அதற்கு முன் மின்கிட்டாரைத் திறந்து பார்த்ததில்லை. “சுருள்தானே, பார்ப்போம்” என்றார். முள் காட்டும் பழைய மீட்டரைப் பிக்கப்பின் இரண்டு முனையிலும் மாட்டினார். திருப்புளியைக் காந்த முனையில் ஒட்டவைத்து, வெடுக்கென்று எடுத்தார். முள் வலப்பக்கம் துள்ளியது. நடுப் பிக்கப்பிலும் அதையே செய்தார். முள் இடப்பக்கம் துள்ளியது. “இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. ஒன்றைத் திருப்பிப் போடுங்கள் தம்பி” என்று சொல்லி, தானே இரண்டு கம்பிகளை இடம் மாற்றி வைத்தார். வீட்டுக்கு வந்து ஒயரைச் செருகியபோது அந்த வெண்கல மணி ஒலி முழுதாக வந்தது. ரேடியோ சுருள்களோடு வாழ்ந்த கைக்குக் கிட்டார் அந்நியமாக இருக்கவில்லை.

சுருளைப் பிரிப்பதில் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. அதைப் பலரும் சொல்வதில்லை. எட்டு கிலோ-ஓம் ஹம்பக்கரின் ஒரு சுருளை அணைத்தால் மிஞ்சுவது நான்கு. உண்மையான ஸ்ட்ராட் பிக்கப் ஆறு வரை காட்டும். ஆகவே பிரித்த ஒலி மெலிந்து, பின்வாங்கி நிற்கும். அணைந்த சுருளோடு இரைச்சல் பாதுகாப்பும் போய்விடும். நான் இரண்டு சுருள்களையும் இணையாகப் போட்டிருக்கிறேன். ஒலி தெளிகிறது, அளவு கொஞ்சம் குறைகிறது, இரைச்சல் திரும்பி வருவதில்லை. அறுபதுகளின் பாட்டுகளுக்கு வேண்டிய கூர்மை அதில் கிடைக்கிறது. அச்சு அசலாகப் பழைய ஒலி என்று சொல்ல மாட்டேன், கச்சேரிக்குப் பழுதில்லை.

குமிழ்களின் மின்தடை மதிப்பும் கவனிக்க வேண்டியது. சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ-ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். கலப்புக் கிட்டாரில் ஒரே வால்யூம் குமிழ்தான் இருக்கும். 500 போட்டால் சிங்கிள் காயில்கள் காதைக் கீறும். 250 போட்டால் ஹம்பக்கர் போர்வைக்குள் போய்விடும். 500 போட்டு, சிங்கிள் காயில் நிலைகளில் மட்டும் 470 கிலோ-ஓம் மின்தடை ஒன்று குறுக்கே சேரும்படி ஸ்விட்ச்சில் இணைக்கலாம்; அந்த நிலைகளில் குமிழ் ஏறத்தாழ 240-ஆக நடந்துகொள்ளும். சென்னை ரிச்சி தெருவில் அந்த மின்தடை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. விலை உயர்ந்த பிக்கப் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று, காசே தேவையில்லாதது: பிக்கப்பின் உயரம். பக்கத்தில் இருக்கும் இரண்டு திருகுகளைத் திருப்பினால் போதும். வலிமையாகக் கேட்கட்டும் என்று பலர் கம்பிக்கு ஒட்டி ஏற்றி வைக்கிறார்கள். சிங்கிள் காயிலின் காந்தம் தடித்த கம்பிகளைப் பிடித்து இழுக்கும். கழுத்தில் மேலே போகும்போது சுரம் இரண்டாகப் பிளந்து அலைவதுபோலக் கேட்கும்; சுருதிப் பெட்டியோடு சேரவே சேராது. கிட்டாரே கெட்டுவிட்டது என்று நினைத்து விற்றவர்களை எனக்குத் தெரியும். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, தடித்த கம்பிக்கும் காந்த முனைக்கும் நடுவே 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டர் என்று தொடங்குங்கள். மூன்று ஏ.டி.எம். அட்டைகளை அடுக்கினால் ஏறத்தாழ 2.3 வரும். காலாவதியான அட்டைகளாக இருக்கட்டும், காந்தத்துக்குப் பக்கத்தில் போகின்றன. ஹம்பக்கரைச் சிங்கிள் காயில்களைவிடத் தள்ளி இறக்குங்கள். ஐந்து நிலைகளிலும் ஒரே மாதிரி வாசித்து, மிக்சரில் கை வைக்காமலே சமமாகக் கேட்கும்வரை கால் திருப்பு, அரைத் திருப்பு என்று மாற்றுங்கள். நான் இதற்கு ஒரு முழு மாலை செலவிட்டேன். அந்த மாலைக்குப் பிறகு மிக்சரிலிருந்து யாரும் எழுந்து வந்ததில்லை.

மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்டார்ஷன் பாதிக்கு மேல் வாசிப்பவருக்கு இரண்டு ஹம்பக்கர், 25 அங்குலம், ஐந்து நிலை ஸ்விட்ச் பொருந்தும். தேவாலயத்தில் மட்டும் வாசிப்பவருக்குக் கழுத்தில் ஹம்பக்கர் வைத்த டெலிகாஸ்டர் போதும். கனடாவின் எட் பிக்கர்ட் அப்படிப்பட்ட ஒன்றில் பல வருடங்கள் ஜாஸ் வாசித்தார். கிப்சனின் பழைய சிங்கிள் காயில் பிக்கப்பான பி-90 எனக்கு மிகவும் பிடித்த ஒலி, ஆனால் ஜெனரேட்டர் பக்கத்தில் அதை வைத்து மாரடிக்க முடியாது. உள்ளே குழிவுள்ள அரை-அக்கூஸ்டிக் கிட்டார்கள் நம் மேடை மானிட்டர்களின் சத்தத்தில் ஊளையிட ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று, பிக்கப்போடு நேரடித் தொடர்பில்லாதது, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. கிட்டார் கம்பிகள் ஒயர் வழியாக மிக்சரின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. திருவிழா மேடைகளில் எர்த் சரியாக இல்லாத இடங்கள் உண்டு. கம்பியில் கையை வைத்துக்கொண்டு மைக்கில் உதட்டை வைக்கும் முன், டெஸ்டரால் மைக்கையும் கம்பியையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள். கம்பியைக் கையால் தொட்டதும் அடங்கும் சத்தம் வேறு வகை. கிட்டாரின் உட்குழியில் செப்புத் தகடு ஒட்டினால் அது குறையும். காந்தப்புலத்தால் வரும் இரைச்சலுக்குத் தகடு உதவாது.

போன பங்குனியில் மறுபடியும் அதே ஊர், அதே மந்தை. விளக்குகள் ஏறியபோது நான் நான்காவது நிலையில் இருந்தேன். ஸ்பீக்கரில் எதுவும் இல்லை. அண்ணனுக்குத் தலை நரைத்திருக்கிறது. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வால்யூம் குமிழை ஏழில் வைத்துத் தாளம், பத்தில் வைத்துத் தனி வாசிப்பு என்று, பெடலைத் தொடாமலே முதல் ஆறு பாட்டு போயிற்று. ஏழாவது பாட்டுக்கு நடுப் பிக்கப் மட்டும் தனியாக வேண்டும். வேறெந்த நிலையிலும் அந்தப் பாட்டின் தொடக்கம் சரியாக உட்காருவதில்லை. பல முறை முயன்றுவிட்டேன். தனியாக ஒலிக்கும்போது அது பழைய சிங்கிள் காயில்தான், துணைக்கு யாரும் இல்லை. அறிவிப்பாளர் பாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஜெனரேட்டர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து, இடது தோளை அதற்குக் காட்டி நின்றுகொண்டேன்.